கீலக்காவும் மடக்கு நாடகக் கண்ணாடியும்

கீலக்கா என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. அதற்கு வெளியே அதை யாரும் எடுத்துப் புழங்கியதில்லை.

பதினெட்டு வயதில் அவள் ஒரு பவுடர் டப்பா தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். பெண்கள் கைப்பைக்குள் போட்டுக்கொள்ளும் தட்டையான உலோக டப்பா அது. மூடியின் உள்பக்கம் முகம் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். மூடியையும் அடித்தட்டையும் இணைக்கிற கீலைப் பூட்டுவதுதான் அவள் வேலை. இரண்டு தகடு, ஒரு ஊசி, ஒரு சுருள்வில். இருபத்தாறு வருஷம் வேறு எதையும் அவள் தொடவில்லை. டப்பாவைக் காதருகே வைத்து ஒருமுறை திறந்து மூடுவாள். அந்தச் சத்தத்தை வைத்தே, இது பத்தாயிரம் தடவை தாங்கும், இது ஐந்நூறிலேயே பல்லை இளிக்கும் என்று சொல்லிவிடுவாள். முதலில் சிரித்தவர்கள், எண்ணிப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டார்கள். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

பிறகு தொழிற்சாலை இடம் பெரிதாக வேண்டும் என்று வேறு நகரத்துக்குப் போய்விட்டது. கூடவே வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். கீலக்காவின் புருஷன் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். ஒரே தடத்தில் பத்தொன்பது வருஷம் ஓட்டி, ஒவ்வொரு பள்ளத்தையும் பங்காளி மாதிரி அறிந்து வைத்திருந்தார். அவரை அங்கிருந்து பெயர்ப்பது ஆகாத காரியம். அதனால் அவள் இங்கேயே தங்கி, ஊர் நாடக அரங்கத்தின் மேல்மாடியில் இருந்த அருங்காட்சியகத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். பழைய நாடக உடைகள், மேடை விளக்குகள், வாள்கள், மகுடங்கள். தினமும் காலை ஏழு மணிக்கு வந்து தரையைத் துடைத்து, கண்ணாடிப் பேழைகளைப் பளபளப்பாக்கி, பத்து மணிக்குக் கதவு திறக்கும்போது ஒதுங்கிவிட வேண்டும்.

ஒதுங்குவது அவளுக்குப் பழகிப்போயிற்று. ஆனால் வாய் பழகவில்லை. பேழையில் இருக்கிற எந்தப் பெட்டியின் கீலைப் பார்த்தாலும் அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அருங்காட்சியகக் காப்பாளர் முப்பத்தைந்து வயதுப் பெண். கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு, அதையே மேசையெல்லாம் தேடுகிறவள். கீலக்கா சொல்வதை அவள் சிரித்துக்கொண்டே கேட்பாள். பாதி கேட்பாள், பாதி பென்சில் தேடுவாள்.

அந்த வருஷம் நாடகக் கண்ணாடிகளுக்கென்று தனியாக ஒரு கண்காட்சி வைக்க முடிவாயிற்று. நாடகக் கண்ணாடி என்றால் வேறொன்றுமில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் மேடையிலிருக்கும் முகத்தைப் பார்க்கக் கண்ணில் வைத்துக்கொள்ளும் சின்ன பைனாகுலர்தான். ஒரு பணக்காரக் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சேர்த்து வைத்திருந்த நூற்று நாற்பது கண்ணாடிகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. அவற்றுக்கு எண் கொடுத்து, விவரப் பட்டியலும் குறிப்புகளும் எழுத வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். பழைய ஒளிக்கருவிகளைப் பற்றித் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் அச்சிட்டவர். நரைத்த தாடி, இஸ்திரி கலையாத சட்டை. யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். தான் சொன்னதை மாற்றிக்கொள்ளாத மனிதரும்கூட.

மூன்று வாரம் அந்தப் பேழைகளைத் துடைத்ததில் கீலக்காவுக்கு நாடகக் கண்ணாடியின் கதை முழுவதும் மனப்பாடம் ஆகிவிட்டது. நிபுணர் எழுதிய குறிப்புகளை ஒன்றுவிடாமல் படித்தாள். ஆதியில் ஒற்றைக் குழாய்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் பார்க்க வேண்டும். அடுத்தவரை வேவு பார்க்கிற தோற்றம் வருமே என்று கூச்சப்பட்டவர்கள் அதை விசிறிக் காம்புக்குள்ளும் கைத்தடிப் பிடிக்குள்ளும் ஒளித்து வைத்தார்கள். ஏறத்தாழ இருநூறு வருஷத்துக்கு முன்பு யாரோ இரண்டு குழாயைச் சேர்த்து ஒட்டினார்கள். ஆனால் தெளிவாகத் தெரிய ஒவ்வொரு குழாயையும் தனித்தனியாக இழுத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது; அதற்குள் கதாநாயகன் செத்தே போயிருப்பான். அப்புறம்தான் நடுவில் ஒரு சின்னச் சக்கரம் வந்தது. அதைத் திருகினால் இரண்டு குழாயும் ஒன்றாக நகரும். அது வந்த பிறகு அலங்காரம் ஆரம்பித்தது. சிப்பி ஓடு பதித்தது, எனாமல் பூ வரைந்தது, கை வலிக்காமல் பிடித்துக்கொள்ள நீளக் காம்பு வைத்தது.

பிறகு கைப்பைகள் சின்னதாயின. கண்ணாடியும் சின்னதாக வேண்டியதாயிற்று. ஆனால் முன்வில்லைக்கும் பின்வில்லைக்கும் நடுவே குறிப்பிட்ட இடைவெளி இருந்தால்தான் உருவம் பெரிதாகத் தெரியும். அந்த இடைவெளியை யாராலும் குறைக்க முடியாது. ஆகவே இடைவெளியையே மடக்கினார்கள். குழாய்களை எடுத்துவிட்டு, வில்லைகளை இரண்டு தட்டில் பதித்து, தட்டுகளைக் கீலால் இணைத்தார்கள். மூடினால் தீப்பெட்டி, திறந்தால் பைனாகுலர். இந்த மடக்கு ரகங்கள் நின்ற பேழையைத்தான் கீலக்கா கடைசியாகத் துடைப்பாள், நேரம் எடுத்துக்கொண்டு.

அதில் நாற்பத்து மூன்றாம் எண் அவள் கண்ணை உறுத்தியது. பித்தளையில் செய்தது, உள்ளங்கை அகலம்கூட இல்லை. எதிரெதிராக இரண்டு தட்டு, தட்டுக்கு இரண்டு வில்லை. பக்கத்துக்கு ஒரு மெல்லிய கை. மூடினால் பவுடர் டப்பாவைவிட மெலிதாகிவிடும். அதன் அடியில் நிபுணர் இப்படி எழுதியிருந்தார்: 'முழுமை பெறாத மாதிரி. நான்கு பக்கமும் திறந்திருப்பதால் வெளிச்சம் புகுந்து உருவம் மங்கும். பயன்பாட்டுக்கு வரவில்லை.'

கீலக்கா அந்தக் குறிப்பை மூன்று தடவை படித்தாள். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நேராகக் காப்பாளரின் அறைக்குப் போனாள்.

"மேடம், அந்த நாப்பத்தி மூணு ஓடின சாமான்" என்றாள்.

காப்பாளருக்குப் புரியவில்லை. கீலக்கா விளக்கினாள். புதுக் கீலில் ஊசி போகிற துளை வட்டமாக இருக்கும். திறந்து மூடித் திறந்து மூடி உராய்ந்தால் அந்தத் துளை ஒரு பக்கமாக நீண்டு முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். நாற்பத்து மூன்றில் நான்கு கீலிலும் துளை முட்டையாகிவிட்டது. எட்டாயிரம், பத்தாயிரம் தடவையாவது திறந்து மூடியிருக்கிறார்கள். உபயோகமில்லாத சாமானை யார் அத்தனை தடவை திறப்பார்கள்?

காப்பாளர் இந்தமுறை பென்சிலைத் தேடவில்லை. பேழையைத் திறந்து, கையுறை போட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். துளைகள் நீண்டுதான் இருந்தன.

மதியம் நிபுணர் வந்ததும் விஷயம் அவர் காதுக்குப் போயிற்று. அவர் கோபப்படவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, தேய்மானம் இருப்பது உண்மைதான், ஆனால் வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டுச் சாமானாக வைத்துத் திறந்து மூடியிருக்கலாம் என்றார். அந்தக் காலத்தில் நாடகம் நடக்கும்போது இப்போது மாதிரி பார்வையாளர் பக்கத்தை இருட்டாக்க மாட்டார்கள், தலைக்கு மேல் விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும். அந்த வெளிச்சம் பக்கவாட்டில் புகுந்தால் இந்தக் கருவியில் ஒன்றுமே தெரியாது. இது பௌதிகம், இதில் அபிப்பிராயத்துக்கு இடமில்லை என்று முடித்தார்.

கடைசியாக அவளைப் பார்த்து, "உங்க கவனிப்பு நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா கீல் மட்டும் ஒரு கருவி ஆயிடாது" என்றார்.

மரியாதையாகத்தான் சொன்னார். அதனாலேயே அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. திட்டியிருந்தால் பதிலுக்கு இரண்டு சொல்லிவிட்டு மறந்திருப்பாள்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். பேருந்துக்காரர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். தட்டை வழித்துவிட்டு, நிபுணர் சொன்னதில் தப்பு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, வெளிச்சம் புகுந்தால் தெரியாதுதான் என்று அவள் ஒப்புக்கொண்டாள். நீ சொன்னதில் தப்பு இருக்கிறதா என்று அடுத்துக் கேட்டார். இல்லவே இல்லை என்றாள்.

"அப்ப ரெண்டு பேரு சொல்றதும் சரின்னா, வெளிச்சம் உள்ள போகாம எதையோ வச்சு மறைச்சிருக்கான். அது இப்ப காணாம போச்சு. அவ்வளவுதானே" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்தார்.

மறுநாள் காலை காப்பாளர் வரும்போதே கீலக்கா அவள் அறை வாசலில் நின்றாள். பேழையைத் திறக்கச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றாள். பூதக்கண்ணாடியில் இருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். தட்டுகளின் ஓரத்தைச் சுற்றி ஊசிமுனை அளவுக்குத் துளைகள் வரிசையாக ஓடின. அழுக்கு அடைத்திருந்ததால் இதுவரை யாரும் கவனிக்கவில்லை. ஒரு தட்டுக்கு நாற்பத்து நான்கு. எதிர்த்தட்டிலும் அதே நாற்பத்து நான்கு. ஒரு துளையில் கறுப்பாக எதுவோ ஒட்டிக்கொண்டிருந்தது. காப்பாளர் அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிட்டு, நூல் என்றாள். பட்டு நூல்.

"தைச்சிருக்காங்க மேடம்" என்றாள் கீலக்கா. "சுத்தி ஒரு பை இருந்திருக்கு."

காப்பாளருக்கும் அது சரியென்று பட்டது. ஆனால் நிபுணரிடம் வெறுங்கையோடு போக முடியாது. நூற்றாண்டு கடந்த அசல் கண்ணாடியில் ஊசியை வைக்கவும் முடியாது. அதே அளவில் இன்னொன்று செய்து காட்டுவதுதான் வழி. கண்காட்சி திறக்க மூன்று வாரம் இருந்தது. காப்பாளர் மூலத்தை அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்து கொடுத்தாள். உங்களால் செய்ய முடியுமா அக்கா என்று கேட்டபோது, அந்த 'அக்கா'வில் இதுவரை இல்லாத ஒரு கனம் இருந்ததைக் கீலக்கா கவனித்தாள்.

தகடு வெட்டுவதும் கீல் பூட்டுவதும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பழைய கைக்கருவிகளைத் தகரப் பெட்டியில் எண்ணெய் தடவி வைத்திருந்தாள். சமையலறை மேசையில் சின்னப் பிடிப்பானை மாட்டி நான்கே நாளில் இரண்டு தட்டும் நான்கு கீலும் செய்துவிட்டாள். வில்லைக்கு மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனாள். அங்கே வில்லை தேய்க்கிறவர் அவள் நீட்டிய அளவுச் சீட்டைப் பார்த்து, இத்தனை மைனஸ் பவர் யாருக்கு, இவ்வளவு மோசமான கண்ணோடு ஒருத்தர் கடைவரை எப்படி நடந்து வந்தார் என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கே ஆர்வம் தொற்றிக்கொண்டது. நான்கு வில்லையையும் தானே விளிம்பு தேய்த்துக் கொடுத்தார்.

பைதான் சண்டித்தனம் செய்தது. முதலில் மெல்லிய தோலில் தைத்தாள். திறக்கும்போது அழகாக விரிந்தது. மூடும்போது மடிப்புகள் குவிந்து தட்டுகளைச் சேரவிடவில்லை. மூடாத மடக்குக் கண்ணாடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரண்டு தோலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வீணாயின.

நாத்தனார் வந்தது அப்போதுதான். புருஷனின் தங்கை, கையுறையும் கைப்பையும் தைக்கிற பட்டறையில் வேலை செய்கிறவள். அண்ணியும் நாத்தனாரும் கீரியும் பாம்பும் என்பதெல்லாம் இவர்களுக்குப் பொருந்தாது. இருவருக்கும் நடுவில் இருந்த ஒரே தகராறு, யார் கைவேலை நேர்த்தி என்பதுதான். அது இருபது வருஷமாகத் தீரவில்லை.

அவள் தோல் பையை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். "தோலை யாரு அண்ணி போடச் சொன்னது? துளையில இருந்தது பட்டு நூலுன்னா துணியும் பட்டாத்தான் இருக்கும். அதுவும் சும்மா சுருக்குனா நிக்காது. பர்சுக்குப் பக்கம் வைக்கிற மாதிரி மடிப்பு உள்பக்கமா போகணும்."

சொன்னதோடு நிற்காமல் கத்தரிக்கோலை எடுத்தாள். இரட்டைக் கறுப்புப் பட்டில் உள்நோக்கி மடிகிற மாதிரி மடிப்பு வைத்து, தட்டுக்கு நாற்பத்து நான்கு துளையிலும் நூல் கோத்து, மூன்று மாலை உட்கார்ந்து தைத்தாள். மூடியபோது பட்டு தட்டுகளுக்கு நடுவே தாள் போலப் படிந்துகொண்டது. கீல் 'டிக்' என்று சொன்னது. கீலக்கா காதருகே வைத்துக் கேட்டாள். பத்தாயிரம் தாங்கும்.

நாத்தனாரின் கைவேலைதான் நேர்த்தி என்று அன்றைக்கு அவள் வாய்விட்டுச் சொன்னாள். பேருந்துக்காரர் நாட்காட்டியில் அந்தத் தேதியை வட்டமிட்டு வைத்தார்.

நிபுணர் அடுத்த முறை வந்தபோது காப்பாளர் விஷயத்தைச் சொல்லி, அரங்கத்தின் மேல்மாடித் தாழ்வாரத்தில் வைத்து அவரைப் பார்க்கச் சொன்னாள். ஜன்னலெல்லாம் திறந்து வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் புதுக் கண்ணாடியைக் கண்ணில் வைத்து எதிர்க்கட்டடத்தின் மணிக்கூண்டைப் பார்த்தார். பிறகு கீலக்காவிடமே கொடுத்து, நீங்களே பாருங்கள் என்றார்.

பார்த்தாள். மணிக்கூண்டு பெரிதாகத்தான் தெரிந்தது. ஆனால் அதன்மேல் பால் ஊற்றியது போல ஒரு வெளிறல். இடது கண்ணுக்கான வெளிச்சம் வலது கண்ணிலும், வலது கண்ணுக்கானது இடது கண்ணிலும் கசிந்து, உருவம் ஆவி மாதிரி மிதந்தது. வீட்டில் மங்கலான வெளிச்சத்தில் சோதித்தபோது இது தெரியவே இல்லை.

இதனால்தான் இந்த வழியை யாரும் தொடரவில்லை என்று நிபுணர் சொன்னார். பை இருந்திருக்கலாம், அதை ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் முயன்று தோற்ற மாதிரி என்றுதான் எழுத முடியும் என்றார். குரலில் எக்காளம் இல்லை. கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

கீலக்கா அன்று வாளித் தண்ணீரை மூன்று தடவை மாற்றினாள். ஒரே பேழையைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள். வேலைக்காரி வேலைக்காரியாக இருந்திருக்க வேண்டும், காப்பாளரையும் சேர்த்துத் தலைகுனிய வைத்துவிட்டோமே என்று மனசு அரித்தது. அதற்கு அடியில் இன்னொரு குரல் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது: தோற்றுப்போன சாமானின் துளை முட்டையாகாது. பத்தாயிரம் தடவை யாரும் தோற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

மறுநாள் காலை மறுபடியும் பேழையைத் திறக்கச் சொன்னாள். காப்பாளர் மறுபேச்சு இல்லாமல் திறந்தாள். இந்த முறை கீலக்கா ஓரத்தைப் பார்க்கவில்லை, நடுவைப் பார்த்தாள். முன்தட்டில் இரண்டு வில்லைக்கும் மத்தியில், மேலிருந்து கீழாக நான்கு துளை இருந்தது. முதல் நாளே அதைப் பார்த்திருந்தாள். பார்த்துவிட்டு, கம்பெனிச் சின்னம் அறைந்த துளை என்று தள்ளிவிட்டிருந்தாள். பவுடர் டப்பா மூடியின் நடுவில் சின்னம் பதிக்க அப்படித்தான் துளை போடுவார்கள். இருபத்தாறு வருஷப் பழக்கமே கண்ணை மறைத்துவிட்டது.

"மேடம், பின்தட்டைத் திருப்புங்க."

பின்தட்டிலும் நடுவில் நான்கு துளை. அதே உயரம், அதே இடைவெளி. பின்தட்டு மூக்கோடு ஒட்டுகிற பக்கம். அங்கே யாரும் சின்னம் வைக்க மாட்டார்கள். ஒன்றுக்கொன்று நேராக இருக்கும் துளைகள் என்றால் ஒன்றுதான் அர்த்தம். நடுவில் ஒரு சுவர் இருந்திருக்கிறது. இடது கண்ணையும் வலது கண்ணையும் பிரிக்கிற பட்டுச் சுவர்.

அதோடு இன்னொன்றும் கண்ணில் பட்டது. பக்கத்துக் கைகளின் நுனி போய் உட்காருகிற இடத்தில் அடுத்தடுத்து மூன்று சின்ன வெட்டு. ஒன்றுக்கும் மற்றதுக்கும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான தூரம். விவரப் பட்டியலில் இதை அரம் தவறிய கீறல் என்று எழுதியிருந்தது. அரம் தவறினால் ஒரு பக்கம் தவறலாம். இரண்டு பக்கமும் ஒரே அளவில் மூன்று மூன்று தடவை தவறுமா? கீலக்கா அந்த வெட்டுக்குள் பூதக்கண்ணாடியை இறக்கினாள். மூன்றும் தேய்ந்து வழவழவென்றிருந்தன. நடு வெட்டுதான் அதிகம் தேய்ந்திருந்தது.

சக்கரத்துக்குப் பதில் வெட்டு. முன்வரிசைக்கு ஒன்று, நடுவரிசைக்கு ஒன்று, கடைசி வரிசைக்கு ஒன்று. திருகவே வேண்டாம், உட்கார்ந்த இடத்துக்கு ஏற்றபடி ஒரு சொடுக்கு. பெயர் தெரியாத அந்த ஆள் எத்தனை கெட்டிக்காரன்! இத்தனையும் செய்தவனைத் தோற்றவன் என்று எழுதி வைத்திருக்கிறார்களே. இந்தக் கண்ணாடியைச் சொந்தமாக வைத்திருந்தவர் எப்போதும் நடுவரிசையில்தான் உட்காருவார் என்பதுகூட அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நாத்தனார் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். பையைப் பிரித்து, நடுச்சுவர் வைத்து மறுபடி தைத்தாள். கீலக்கா மூன்று வெட்டையும் அராவினாள். வில்லை தேய்க்கிறவர் முன்வில்லைகளை மையம் பிசகாமல் மறுபடி பதித்துக் கொடுத்தார். கண்காட்சிக்கு ஆறு நாள் இருந்தபோது வேலை முடிந்தது.

நிபுணர் இரண்டாவது முறை பார்க்க ஒத்துக்கொண்டார். ஆனால் தாழ்வாரம் வேண்டாம், அரங்கத்திலேயே பார்க்கலாம், எல்லா விளக்கும் எரியட்டும், அந்தக் காலத்தில் இருந்த நிலைமைதான் நியாயமான சோதனை என்றார். அதுவே தங்களுக்கும் வேண்டும் என்றாள் கீலக்கா. பகல் பதினொரு மணி. ஒத்திகை இடைவேளை. மேடையில் காப்பாளர் ஒரு பெரிய அட்டையோடு நின்றாள். அதில் நக அளவு எழுத்தில் ஏதோ எழுதியிருந்தாள். என்னவென்று கீலக்காவுக்குக்கூடச் சொல்லவில்லை. விளக்குக்காரர் அரங்கத்தின் அத்தனை விளக்கையும் போட்டார். நடிகர்கள் தேநீர்க் குவளையோடு ஓரமாக வந்து நின்றார்கள். பேருந்துக்காரர் பணி மாறும் நேரத்தில் சீருடையோடு ஓடிவந்து தங்கை பக்கத்தில் உட்கார்ந்தார்.

மேல்மாடிக் கடைசி வரிசை. நிபுணர் முதலில் வெறுங்கண்ணால் பார்த்து, அட்டை தெரிகிறது, எழுத்து தெரியவில்லை என்றார். கீலக்கா கண்ணாடியைத் திறந்து, கைகளை நடு வெட்டில் மாட்டிக் கொடுத்தாள். அவர் பார்த்தார். வெளிறல் இல்லை என்று மெதுவாகச் சொன்னார். ஆனால் எழுத்து கலங்குகிறது என்றார்.

"அது நடுவரிசைக்கு, சார். கடைசி வெட்டுக்கு மாத்துங்க."

அவரே மாற்றினார். சொடுக்குச் சத்தம் கேட்டது. மறுபடி கண்ணில் வைத்தார். அவர் உதடு அசைந்தது. பிறகு, வகுப்பில் பாடம் வாசிக்கிறவர் மாதிரி, ஒவ்வொரு சொல்லாக உரக்க வாசித்தார்.

"ஐயா... உங்கள் விவரப் பட்டியலில்... நாற்பத்து மூன்றாம் எண்ணை... திருத்தி எழுத வேண்டும்."

அரங்கம் முழுக்கச் சிரிப்பு எழுந்தது. விளக்குக்காரர் மேலேயிருந்து கைதட்டினார். நடிகர்கள் குவளையைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்கள். நாத்தனார் அண்ணனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். காப்பாளர் மேடையில் அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

நிபுணர் கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. மேடையை, திரையை, எதிர்மாடத்தை, கூரை விளக்கை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். நடு வெட்டுக்கு மாற்றினார், முதல் வெட்டுக்கு மாற்றினார், கீழே இறங்கி முன்வரிசைக்குப் போய்ப் பார்த்தார். திரும்பி ஏறி வந்தபோது மூச்சு வாங்கியது. முகம் மட்டும் சின்னப் பிள்ளையுடையது மாதிரி இருந்தது.

"முப்பது வருஷமா இந்த மாதிரிக் கண்ணாடிகளை எடுத்து எடுத்துப் பாத்திருக்கேன்" என்றார். "ஒரு தடவைகூட கீலைப் பாக்கலம்மா. நான் சொன்னது தப்பு."

கீலக்காவுக்குப் பதில் எல்லாம் தயாராக இருந்தது. இரண்டு வாரமாகக் குளிக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். அந்த மனிதர் இப்படி நேராக நின்று சொன்னதும் அத்தனையும் மறந்துபோயிற்று. உட்காருங்க சார், மூச்சு வாங்குது என்று மட்டும் சொன்னாள்.

அன்று மதியமே அவர் புதுக் குறிப்பை எழுதினார். தானே கையால் எழுதி, காப்பாளரிடம் காட்டி, பிறகு கீலக்காவிடம் காட்டி, பிழை இருந்தால் சொல்லுங்கள் என்றார். 'முழுமையான, நீண்ட நாள் புழக்கத்தில் இருந்த மடக்கு நாடகக் கண்ணாடி. சுற்றிலும் பட்டுப் பையும் நடுவே பட்டுச் சுவரும் இருந்து அழிந்தவை. மூன்று வெட்டுகளால் தூரம் சரிசெய்யப்படும்' என்று தொடங்கி, கடைசி வரியில் இதைக் கண்டறிந்தவர் கீல் பூட்டும் தொழிலாளி ஒருவர், பையை மீட்டுத் தைத்தவர் அவருடைய நாத்தனார் என்று முடிந்திருந்தது. கீலக்கா ஒரே ஒரு திருத்தம் சொன்னாள்: வில்லை தேய்த்தவரையும் சேர்க்க வேண்டும். சேர்த்தார்.

கண்காட்சி திறந்த அன்று நாற்பத்து மூன்றாம் எண்ணுக்கு முன்னால்தான் கூட்டம் நின்றது. பக்கத்து மேசையில் அவள் செய்த கண்ணாடி இருந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். கீலக்கா தன்னிடமிருந்த நல்ல உடையை உடுத்திக்கொண்டு, ஒதுங்காமல், மேசைக்குப் பின்னால் நின்றாள். ஒவ்வொருவருக்கும் திறந்து காட்டி, எந்த வரிசையில் உட்காருவீர்கள் என்று கேட்டு, அதற்கேற்ற வெட்டில் மாட்டிக் கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் அது அறுநூறு தடவைக்கு மேல் திறந்து மூடியது, எண்ணியவர் பேருந்துக்காரர். பவுடர் டப்பா தொழிற்சாலையில் அவளோடு வேலை பார்த்த நான்கு பேர் பத்திரிகையில் செய்தியைப் படித்துவிட்டு இரண்டு ரயில் மாறி வந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி கண்ணாடியை வாங்கியதும் கண்ணில் வைக்கவில்லை. காதில் வைத்துத் திறந்து மூடினாள். பக்கத்தில் நின்ற கனவான் ஒருவர் திகைத்துப்போய், அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க முயன்றார்.

அடுத்த மாதம் காப்பாளர் மேலிடத்தோடு மூன்று கடிதச் சண்டை போட்டு, அருங்காட்சியகத்தின் பின்னறையைப் பழுது பார்க்கும் அறையாக்கினாள். ஜன்னலோரம் ஒரு மேசை, பிடிப்பான், நல்ல விளக்கு. வாசலில் புதுப் பலகை: பழுதுநீக்கும் வல்லுநர். கீலக்கா அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, யார் அது என்று நிஜமாகவே கேட்டாள்.

முதல் நாள் அவள் உட்கார்ந்ததும் காப்பாளர் ஒரு நீளமான மரத்தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். அதில் பதினேழு சாமான்கள் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே மாதிரிச் சீட்டு தொங்கியது: 'பயன் தெரியவில்லை'.

கீலக்கா விளக்கைக் கிட்டே இழுத்தாள். முதல் சாமானை எடுத்துக் காதருகே வைத்து, மெல்லத் திறந்தாள்.